வாள் படாத உடல்கள்

புறநானூற்றின் 93ஆம் பாட்டில் ஒளவையார் ஒரு சடங்கினைக் குறிப்பிடுகிறார். போர்க்களத்தில் வீழாது நோயினால் இறந்துபட்ட அரசரது உடலைப் பசும்புல்லின்மேற் கிடத்தி, வீரர் சென்ற உலகுக்கு இவனும் செல்வானாக என்று கூறி, வாளினாற் பிளந்து, அதன் பின்னரே அடக்கஞ் செய்வர் என்பது அச்செய்தி. 74ஆம் பாட்டில், சோழனின் சிறையிலிருந்து பாடும் சேரமான் கணைக்கால் இரும்பொறை இன்னுமொரு படி மேலே செல்கிறான். இறந்து பிறந்த குழவியையும், உருவமின்றிப் பிறந்த தசைப் பிண்டத்தையும்கூடத் தன் குலத்தார் வாளினால் வெட்டாது விடார் என்பது அவனது கூற்று. இவ்விரு பாடல்களையும் பழந்தமிழர் வீரத்துக்குச் சான்றாக எடுத்தாளுதல் நெடுநாள் வழக்கம். பள்ளிக்கூடக் கட்டுரை தொடக்கம் பட்டிமன்றம் ஈறாக அவ்வாறே நிகழ்ந்து வருகிறது. எனக்கோ இவற்றைப் படிக்குந்தோறும் வீரத்தினும் வேறொன்றே முன்வந்து நிற்கிறது. வீரனென்று வளர்க்கப்பட்ட ஒருவன் வீரச்சாவு எய்தாது போய்விட்டால், அவனைச் சுற்றியிருப்போருக்கு என்ன செய்வதென்று தெரியாது போகின்றது. சாவுக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அப்பெயர் வாய்க்காதபோது, வாளைக் கொண்டு அதனை உடலில் எழுதிவிடுகிறார்கள். வள்ளுவரும் படைச்செருக்கு என்னும் அதிகாரத்திலே, விழுப்புண் படாத நாள்களை வீணே கழிந்த நாள்களாக வீரன் எண்ணுவான் என்றே கூறிச் செல்கிறார். அக்கணக்கின்படி பார்த்தால், பயிற்சிக் களத்திலே கழிந்த நாள்கள் அனைத்தும் வீண் நாள்களே. அந்நாள்களுக்குள் இறந்துபோனவனின் கதி யாது?

இவ்வினா எனக்கு நூல்களின் வழியாக வந்ததன்று. எனது பெரியப்பாவின் வழியாக வந்தது.

அவர் 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே படையிற் சேர்ந்தவர். அவ்வாண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலையைத் தாக்கின. இலங்கையில் கட்டாயப் படைச்சேவை இருந்ததில்லை. சேர்ந்தவர் எல்லாரும் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களே. எனினும் விருப்பம் என்பதற்குப் பல முகங்கள் உண்டு. பெரியப்பா எஸ்.எஸ்.சி. சித்தியடைந்துவிட்டுக் கந்தோர் உத்தியோகத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவர். உத்தியோகம் வரவில்லை, யுத்தம் வந்தது. பாட்டனார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம். எமது ஊரில் ஆசிரியர் இருந்தனர், எழுதுவினைஞர் இருந்தனர், மலாயாவுக்குச் சென்று மீண்ட ஓய்வூதியர் இருந்தனர். துவக்கு எடுத்தவர் எவரும் அதற்கு முன் இருந்ததில்லை.

கரையோரப் பீரங்கிப் பிரிவொன்றிலே அவரைச் சேர்த்துக்கொண்டனர். கொழும்பிலே ஆரம்பப் பயிற்சி. பின்னர் திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலை நோக்கிய பீரங்கித் தளமொன்றிலே நியமனம். ஆறங்குலப் பீரங்கியின் குண்டு ஒவ்வொன்றும் நூறு இறாத்தல் நிறையுடையது. அதனை இருவர் தூக்கிக் கொணர்வதும், ஒருவர் உட்செலுத்துவதும், இன்னொருவர் மருந்துப் பொதியை வைப்பதும், தூரமும் கோணமும் கூவப்படுவதும், பின்னர் அனைத்தையுங் கழற்றி முதலிலிருந்து தொடங்குவதுமாக நாளொன்றுக்குப் பல தடவை பழகினார்களாம். பெரும்பாலும் குண்டு வெறும் பயிற்சிக் குண்டு. வியர்வை மாத்திரம் உண்மையானது என்பார். இவ்வளவும் கடல்வழி வரும் எதிரிக் கப்பலுக்காக. ஆனால் திருகோணமலைக்கு வந்த எதிரி வானத்தால் வந்து வானத்தாலே சென்றுவிட்டான். அதுவும் பெரியப்பா அங்கு போய்ச் சேர்வதற்கு முன்னரே. அதன் பின்னர் மூன்றாண்டு காலம் அப்பீரங்கிகள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தன. எந்தக் கப்பலும் வரவில்லை. பெரியப்பாவின் யுத்தம் அவ்வளவே.

1945க்குப் பின் ஊருக்கு மீண்டு, சங்கக்கடை முகாமையாளராக இருந்து முதுமையடைந்தார். சிறுவராகிய நாம் அவரைச் சூழ்ந்துகொண்டு, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்பதுண்டு. "ஒரு நுளம்பைக்கூட ஒழுங்காய்க் கொல்லேல்லை, தம்பி. நுளம்புதான் எங்களைக் கொண்டது" என்பார். நாம் சிரிப்போம். அவர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் வேடிக்கையாகச் சொன்னதன்று அது. அவருடைய பீரங்கிக் குழுவிலும் அதனை அடுத்த குழுக்களிலுமாக, அவர் நன்கறிந்த தோழர் நால்வர் அம்மூன்றாண்டுகளில் இறந்தனர். நால்வரில் ஒருவரையேனும் எதிரி கண்ணாற் காணவில்லை. பறங்கி இளைஞர் ஒருவர், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர், இரவிலே ஹபரணையிலிருந்து வந்துகொண்டிருந்த லொறி குடைசாய்ந்து இறந்தார். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி வாகன விளக்குகளை மூடிக் கீறலளவு ஒளியுடன் காட்டுப்பாதையில் ஓட்டிய காலம் அது. வேறொருவர் குளிக்கச் சென்ற இடத்தில் நீரோட்டத்தில் அகப்பட்டார். மூன்றாமவரைப் பற்றிப் பெரியப்பா ஒருபோதும் விரிவாகப் பேசியதில்லை. துவக்குத் துடைக்கும்போது நேர்ந்தது என்பதோடு நிறுத்திவிடுவார். நாமும் அதற்கு மேற் கேட்பதில்லை.

நான்காமவரே அவர் நினைவில் ஓயாது வாழ்ந்தவர். மாத்தளைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். பெரியப்பாவின் பேச்சில் அவருக்குப் பெயரில்லை. மாத்தளைப் பையன் என்றே வருவார். பத்தொன்பது வயது. குண்டு தூக்குவதில் பெரியப்பாவின் இணை. நூறு இறாத்தலை இருவர் தூக்கும்போது ஒருவரது மூச்சு மற்றவரது மூச்சோடு ஒத்துவர வேண்டும். இல்லாவிடில் முதுகு போய்விடும். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே வரும். ஆனால் அந்தப் பையன் தூக்கும்போது தனக்குள்ளே சிங்களத்தில் எண்ணுவானாம்: எகய், தெகய், துனய் என்று. துனய் என்னும்போது இருவரும் தூக்குவர். பெரியப்பா அதற்கு முன் ஒரு சிங்களச் சொல்லும் அறியாதவர். அவர் கற்ற முதற் சிங்களம் அம்மூன்று எண்களே. பிற்காலத்தில் எமது வளவிலே தேங்காய் பிடுங்கிக் குவித்தால், அவர் வாய்க்குள் எண்ணுவது சிங்களத்திலாகவே இருக்கும். சங்கக்கடையில் அரிசி மூட்டையை இறக்குவிக்கும்போதும் அவ்வாறே. ஊரார் அதனை ஒரு விசித்திரமாகக் கருதி விட்டுவிட்டனர்.

மலேரியாவைப் பற்றி இங்கு சிறிது கூறவேண்டும். 1934, 35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயை அறிந்த எமது முந்திய தலைமுறையினருக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி. இன்றைய மாணவருக்கு அப்படியன்று. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. யுத்த காலத்திலே நிலைமை வேறு. உலகத்துக்கு வேண்டிய கொயினாவின் மிகப் பெரும் பங்கு யாவாத் தீவின் சின்கோனாத் தோட்டங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் யாவா யப்பானியர் கைப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. அதற்குப் பதிலாகப் படையினருக்கு மெப்பக்கிரீன் என்னும் மஞ்சள் நிற மாத்திரை கொடுக்கப்பட்டது. கடுங் கைப்பு. தொடர்ந்து உட்கொண்டால் தோலும் மஞ்சளாகும். அதனை விழுங்கினால் ஆண்மை போய்விடும் என்றொரு வதந்தி படைகளெங்கும் பரவியிருந்தது. இதனால் மாத்திரையை நாவின் அடியில் ஒதுக்கிவைத்துப் பின்னர் துப்பிவிடுவோர் பலர். அதிகாரிகள் வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியதாயிற்று.

மாத்தளைப் பையன் துப்பினானா விழுங்கினானா என்பது பெரியப்பாவுக்கும் தெரியாது. துப்பியிருப்பான் என்று சார்ஜன் சொன்னாராம். சாகக் கிடப்பவன்மேல் அப்படியொரு சொல்லைப் போடுவதற்கு அந்த மனிதருக்கு எப்படி மனம் வந்ததோ என்று நாற்பது வருடங்களுக்குப் பின்னரும் பெரியப்பா பொருமுவார். நான் அந்தச் சார்ஜனை அவ்வளவு கடுமையாக நோக்கமாட்டேன். பிழை எவனுடையதோ என்று தேடுவதும், பொருளற்ற சாவுக்குப் பொருள் தேடும் முயற்சிகளுள் ஒன்றே. முதல்நாட் காலையில் குண்டு தூக்கியவன் மாலையில் நடுங்கிப் படுத்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஆட்களை அடையாளந் தெரியாது போயிற்று. நான்காம் நாள் விடிவதற்கு முன் முடிந்தது. வெப்பங் காரணமாக அன்றே திருகோணமலையில் அடக்கஞ் செய்தனர். வீட்டார் வந்து சேர நேரம் இருக்கவில்லை.

அடுத்த விடுமுறையிலே பெரியப்பா நேரே ஊருக்கு வரவில்லை. பையனின் உடைமைகளை அதிகாரபூர்வமாக அனுப்பியாகிவிட்டது. எனினும் அவன் அவரிடங் கொடுத்துவைத்திருந்த ஒரு சவரக்கத்தியும், ஒரு சிறிய கண்ணாடியும், சில ரூபாயும் மிஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டு மாத்தளைக்குச் சென்றார். பேருந்து நின்ற இடத்திலிருந்து நெடுந்தூரம் நடந்து, வயலும் தென்னையும் சூழ்ந்த ஒரு மண்வீட்டைக் கண்டுபிடித்தார். தாய் மாத்திரம் இருந்தார். அதற்குள் பெரியப்பாவுக்குச் சிங்களம் ஓரளவு வந்திருந்தது. ஆயினும் குண்டு தூக்கவும் தேநீர் கேட்கவும் போதுமான சிங்களமேயன்றி, மகனை இழந்த தாய்க்கு ஆறுதல் சொல்லும் சிங்களம் அன்று. அப்பெண்மணி அவரை மகனே என்றழைத்து, பாயில் இருத்தி, கருப்பட்டித் துண்டோடு தேநீர் கொடுத்துவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டாராம். பையன் சண்டையிலே இறந்தானா என்பதே அது. படையிலிருந்து வந்த கடிதத்தில் சேவையிலிருக்கையில் மரணம் என்று மாத்திரம் எழுதப்பட்டிருந்ததாம். அதனை வாசித்துக் காட்டிய ஊர்ப் பள்ளி ஆசிரியராலும் விளக்கஞ் சொல்ல முடியவில்லை.

பெரியப்பா சொன்னார்: அவன் பீரங்கியடியில் நின்றான், நானும் பக்கத்தில் நின்றேன்.

பொய்யன்று. இரண்டும் உண்மை. அவன் பீரங்கியடியில் நின்றதும் உண்மை. அவர் பக்கத்தில் நின்றதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் அவர் எந்த இடத்திலே, எந்தக் கேள்விக்கு விடையாக வைத்தார் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. தாய் தலையை அசைத்து, அதற்கு மேல் எதுவுங் கேட்கவில்லையாம். பின்னர் வாசல்வரை வந்து வழியனுப்பினாராம்.

இந்நிகழ்ச்சியைப் பெரியப்பா எனக்குச் சொல்லியது 1974இல், நான் பேராதனை வளாகத்தில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், ஒரு விடுமுறையின்போது. அவ்வாண்டுதான் புறநானூற்றின் சில பாடல்களை நுணுகிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிருந்தது. 93ஆம் பாட்டை அவருக்கு விளக்கிச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாதிருந்துவிட்டு, "வெட்டுறவனுக்குக் கை நடுங்கியிருக்குமே" என்றார். உரையாசிரியர் எவரும் கேளாத கேள்வி அது. அதன் பின்னர் பாட்டைத் திரும்பப் பார்த்தபோது, வெட்டப்படும்போது இறந்தவர்பால் உள்ள அன்பை மறந்துவிடுவர் என்று ஒளவையாரே ஒரு குறிப்பு வைத்திருப்பது கண்ணிற்பட்டது. அதுவரை அச்சொற்களை நான் கடந்து சென்றிருந்தேன் என்பதிலே வியப்பில்லை. வீரத்தைத் தேடிப் படிப்போருக்கு அவை தடைக்கல். அன்பை மறந்தாலன்றி அந்த வாளை ஓங்க முடியாது என்பதை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர். பெரியப்பா மாத்தளையில் ஓங்கியதும் அவ்வகைப்பட்ட ஒரு வாளே என்று எனக்குத் தோன்றுகிறது. வேறுபாடு ஒன்றுண்டு: அவர் அன்பை மறந்து ஓங்கவில்லை. அதனாற்றான் அந்த வெட்டு இறந்தவனின் உடலில் படாமல் அவரிலேயே பட்டது.

அவரது தோழர்களின் கதி தனித்ததொன்று எனக் கொள்ளலாகாது. பர்மாப் போரை நடத்திய ஜெனரல் ஸ்லிம், 1956இல் வெளியிட்ட தமது நூலில், 1943ஆம் ஆண்டிலே காயமுற்று வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நூற்றிருபது பேர் நோயினால் வெளியேற்றப்பட்டனர் என்று எழுதுகிறார். பிரித்தானியரின் குண்டுவீச்சு விமானப் படையில் இறந்த ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோருள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்திலும் மாண்டவர்கள். 1944 ஏப்பிரல் 28ஆந் திகதி, நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு ஒத்திகையாக இங்கிலாந்தின் தென்கரையில் நடந்த பயிற்சியிலே ஜெர்மானியத் தாக்குதற் படகுகள் புகுந்து, 749 அமெரிக்கர் மடிந்தனர். உயிர் தப்பியோருக்கு வாய் திறக்கக்கூடாதென்று கட்டளை. செத்துப்போன தோழனைப் பற்றிப் பேசுவதே குற்றமாக்கப்பட்டது.

இவற்றுள் எமது தீவோடு நேரடித் தொடர்புடையது கெதீவ் இஸ்மாயில் என்னும் கப்பலின் கதை. இலங்கையில் அக்காலத்திலே கிழக்கு ஆபிரிக்கப் படையினர் பெருந்தொகையாக இருந்தனர். கென்யா, உகண்டா, தங்கனிக்கா, நியாசாலாந்து முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, இங்குள்ள காடுகளிலே பயிற்சி பெற்று, 1944இல் பர்மாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். திருகோணமலைத் தெருக்களில் அவர்கள் பாடிக்கொண்டு அணிவகுத்துச் செல்வதைப் பெரியப்பா கண்டிருக்கிறார். அவர்களோடு சேர்வதற்காக, பீரங்கிப் படையினரும் தாதியரும் பிறருமாக 1,511 பேர் மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கிக் கப்பலேறினர். பலருக்கு அதுவே முதற் கடற்பயணம். 1944 பெப்ரவரி 12ஆந் திகதி, மாலைதீவுக்கு அண்மையில், யப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாகிக் கப்பல் இரண்டு நிமிடங்களுக்குள் மூழ்கிற்று. நீரில் தத்தளித்தவர்களின் அடியிலே நீர்மூழ்கி பதுங்கிக்கொண்டது. ஏனைய கப்பல்களைக் காக்க வேண்டிய காவற்கப்பல்கள், தம் தோழர் நீந்திக்கொண்டிருந்த அவ்விடத்திலேயே ஆழக்குண்டுகளைப் போட்டன. 1,297 பேர் இறந்தனர். நீர்மூழ்கியும் பின்னர் அழிக்கப்பட்டது. போர்முனையைக் காணாமலே, தாம் பயிற்சி பெறவிருந்த தீவையும் காணாமலே, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போயினர். கட்டளையிட்டவர்க்கும் கை நடுங்கியிருக்கும். திருகோணமலையில் இருந்தோருக்கு இச்செய்தி எதுவும் எட்டவில்லை. பெரியப்பாவுக்கு இதனை நான் சொல்லும் வாய்ப்பும் அமையவில்லை. நான் இதனை அறிந்தது அவர் இறந்த பின்னர்.

பேராதனையிற் பயின்றோருக்குக் கண்டியிலுள்ள போர் மயானம் தெரிந்திருக்கும். தெரியாதோர் ஒருமுறை சென்று பார்க்கலாம். மகாவலிக்கு அண்மையில், புல்தரை சரிந்திறங்கும் ஓர் அமைதியான இடம். ஏறத்தாழ இருநூறு பேர் அங்கே கிடக்கின்றனர். பிரித்தானியர் 107, கிழக்கு ஆபிரிக்கர் 35, இலங்கையர் 26. இவர்களோடு இந்தியரும் கனேடியரும் வேறு சிலரும். கண்டியிலே சண்டை நடக்கவில்லை. தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944 ஏப்பிரலில் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததுண்டு. அது கடதாசியாலும் தொலைபேசியாலும் நடத்தப்பட்ட யுத்தம். காயத்தோடு வேற்றிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு இறந்தோர் சிலர் இருக்கலாம். ஏனையோர் காய்ச்சலாலும், வயிற்றோட்டத்தாலும், வாகன விபத்தாலும், நீரில் மூழ்கியும் இறந்தோராகவே இருக்க வேண்டும். ஆனால் கற்களில் அது எழுதப்படவில்லை. பெயர், பதவி, படைப்பிரிவு, திகதி, வயது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரேயளவுக் கல். இம்மயானங்களைப் பராமரிக்கும் ஆணைக்குழு 1917இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் விதிப்படி, 1939 செப்ரெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை சேவையிலிருக்கையில் இறந்தவர் எவராயினும், இறப்பின் காரணம் யாதாயினும், நினைவுகூரப்படும் உரிமையுடையவர்.

இந்த விதியை நமது நடுகல் மரபோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுடையது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் மூன்றனுள் ஒன்று, இறந்தவனின் பெயரோடும் ஊரோடும் ஆகோள் என்னும் சொல்லையும் தாங்கி நிற்கிறது. ஆநிரை கவர்ந்த பூசலிலே இறந்தான் என்று காரணம் கூறுகிறது அக்கல். காரணமே அங்கு கல்லுக்கு உரிமை தருகிறது. காய்ச்சலால் இறந்தவனுக்கு அக்கல் இல்லை. கண்டியிலுள்ள கற்களோ காரணத்தைக் கேளாமலே இடங் கொடுக்கின்றன. அதற்கு விலையாகக் காரணத்தைச் சொல்லாமலும் விடுகின்றன. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆகோள் என்று எழுதும் கல், எழுத முடியாதவனைப் புறத்தே தள்ளிவிடுகிறது. ஒன்றும் எழுதாத கல், எல்லாரும் போரிலே மடிந்தார்கள் என்று பார்ப்போர் எண்ணிக்கொள்ள இடம் விட்டுவிடுகிறது. அதுவும் ஒருவகை வாள்வெட்டே. மிக மென்மையான வாள். பேரரசு ஒன்று தன் போரிலே இறந்தோரை எண்ணிக் காட்டுகையில் அம்மென்மை அதற்கு வசதியாகவும் அமைகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தோழரின் நினைவு இவ்விரண்டு வகையிலும் சேராதது. பெரியப்பா அந்த நால்வரையும் வீரரென்று ஒருநாளும் சொன்னதில்லை. வீணாகப் போனார்கள் என்றும் சொன்னதில்லை. பறங்கி இளைஞர் வாயால் இசைக்கருவி போல ஒலியெழுப்புவார் என்பதும், நீரில் மூழ்கியவருக்கு இடதுகைப் பழக்கம் இருந்ததால் குண்டு தூக்கும் வரிசையில் அவரை எங்கே நிறுத்துவதென்று ஒவ்வொரு நாளும் சச்சரவு என்பதும், மாத்தளைப் பையன் பாம்புக்கு அஞ்சாதவன், அட்டைக்கு அஞ்சுவான் என்பதுமே அவர் வைத்திருந்த செய்திகள். கல்லில் எழுதத் தகுதியற்றவை, பாட்டுக்கும் பொருளாகாதவை. ஆயினும் ஒருவனோடு மூச்சொத்துப் பாரந் தூக்கியவனுக்கு மாத்திரமே தெரியக்கூடியவை.

அவர்களுடைய பெயர்கள், ஊர்கள், இறந்த திகதிகள் யாவற்றையும் பெரியப்பா ஒரு கறுப்பு மட்டைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். படைவீட்டிலே எடுத்த புகைப்படம் ஒன்றும் அதனுள் இருந்தது. அவர் 1985இல் காலமானார். புத்தகம் எமது வீட்டு அலுமாரியில் இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, முதியோரையும் குழந்தைகளையும் தூக்கியவர்கள் அலுமாரியைத் தூக்கவில்லை. திரும்பிச் சென்றபோது வீட்டின் கூரையும் இல்லை. ஆகையால் அந்நால்வரின் பெயர்களும் இன்று என்னிடம் இல்லை. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் உப்புவெளியிலும் ஒரு போர் மயானம் உண்டு. பெயர் தெரியாதவன் அங்கே சென்று எந்தக் கல்லைத் தேடுவது? அந்தப் போர் நமக்கு விட்டுச்சென்ற நினைவை இன்னொரு போர் வந்து அழித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்பிந்திய போரிலே பயிற்சிக் காலத்திலேயே மறைந்தவர்களைப் பற்றிப் பேச, அவர்களோடு பாரந் தூக்கியவர்கள் எழுதவேண்டும். நான் அதற்கு உரியவனல்லன்.

எஞ்சியிருப்பது எனது சிறுபராயத்து நினைவொன்று. ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் ஒரு வாரம் முந்திப் பெரியப்பா தபாற்கந்தோருக்குச் சென்று, மாத்தளைக்குப் பத்து ரூபாய்க் காசுக்கட்டளை அனுப்புவார். இரண்டு மூன்று வாரத்தில், பெருவிரல் அடையாளம் இட்ட பற்றுச்சீட்டு வந்துசேரும். அதற்கு மேற் கடிதம் எதுவுமில்லை; எழுதவும் வாசிக்கவும் அந்த அம்மையாருக்குத் தெரியாது. 1958இல் நடந்தவற்றுக்குப் பின்னர், அடுத்த சித்திரையில் அவர் வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, எமது பாட்டியார் திண்ணையிலிருந்து ஏதோ சொன்னாராம். அவர் மறுமொழி சொல்லவில்லை. அவ்வருடமும் பற்றுச்சீட்டு வந்தது, வழக்கத்தைவிடச் சிறிது பிந்தி.

1964இல் நான் அவரோடு கூடப் போயிருந்தேன். காசுக்கட்டளை திரும்பி வந்திருந்தது. அதன் பின்புறத்தில் சிங்களத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. தபாலதிபருக்கு அது விளங்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது, மேல்விலாசம் பிழையோ என்று பெரியப்பாவிடமே கேட்டார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டு, மேல்விலாசம் சரி என்றார். ஒப்பமிட்டுப் பத்து ரூபாயையும் மீளப் பெற்றுக்கொண்டார். வீதியில் இறங்கியதும் அவற்றை ஒவ்வொரு தாளாக எண்ணினார், வாய்க்குள்.